கதைக்கு முன்னால் வண்ணம்

ஓவியம் என்றதும் நாம் முதலில் தேடுவது கதையை. இவர்கள் யார், என்ன நடக்கிறது என்று கேட்கிறோம். விடை கிடைத்ததும் அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறோம். இலக்கிய வாசகர்களாகிய நம் பழக்கம் இது, பலவீனமும் இதுவே.

ரெம்ப்ராண்ட் ஏறத்தாழ 1665க்கும் 1669க்கும் இடையே தீட்டிய ‘யூத மணமகள்’ இப்பழக்கத்துக்கு இடம் கொடுப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் உள்ள இவ்வோவியத்தின் தலைப்பு அவர் இட்டதன்று. 19ஆம் நூற்றாண்டில் வந்து ஒட்டிக்கொண்டது. விவிலியத்தின் ஈசாக்கும் ரெபேக்காளும் இவர்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அது தெரிந்த பின்னும் படம் தீர்ந்துவிடுவதில்லை.

ஆணின் சட்டைக்கையைப் பாருங்கள். பொன்மஞ்சள் வண்ணம் சுவர்ப்பூச்சுபோல் தடித்துப் புடைத்து நிற்கிறது. அம்மேடுகளில் கூடத்தின் மெய்யான வெளிச்சமே பட்டுத் தெறிக்கிறது. ஆனால் அவள் மார்பில் பதிந்த அவன் கையும், அதன்மேல் அவள் வைத்த விரல்களும் மென்மையாகத் தீட்டப்பட்டவை. முரட்டுப் பூச்சிலிருந்து அங்கே வந்துசேரும் கண் தானாகவே தணிகிறது. அந்தத் தணிவையே நாம் பரிவு என்று உணர்கிறோம். முகங்களோ ஒன்றையொன்று பார்ப்பதுகூட இல்லை.

1885இல் இதன்முன் அமர்ந்த வான்கோ எழுந்துவர மனமின்றி இருந்ததாக உடன்சென்ற நண்பர் பதிவுசெய்திருக்கிறார். வான்கோவின் அறுந்த காதைப் பற்றி நாம் பேசிய அளவுக்கு அவருடைய கண்ணைப் பற்றிப் பேசியதில்லை.

அச்சுப்பிரதியும் கணினித்திரையும் அந்த மேடுபள்ளங்களைச் சமனாக்கிவிடுகின்றன. எஞ்சுவது கதை மட்டும். மூல ஓவியத்தை நாடிச்செல்ல எல்லோராலும் இயலாது. ஆகவே ஓவியம் பற்றி எழுதுவோர் சொல்லவேண்டியது இதைத்தான்: வண்ணம் எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, ஒளி எங்கே தங்குகிறது. கதையை நாம் எப்படியும் கண்டுபிடித்துக்கொள்வோம்.