எர்த் பின்னை ஒடிச்சவன் சொல்றேன்

கச்சேரி முடிஞ்சு எல்லாரும் இட்லி சாப்பிடப் போன பிறகும் மேடையில ஒருத்தன் மட்டும் கறுப்புப் பெட்டியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னா, அவன்தான் பேஸ் கிடார்காரன்னு தெரிஞ்சுக்கங்க. பாடகருக்கு ஒரு தண்ணி பாட்டில் போதும். கீபோர்டுகாரர் பையை முதுகுல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவார். நமக்கு மட்டும் முப்பது கிலோவுக்கு மேல ஒரு ஆம்ப். "பேஸ் யாருக்குப்பா கேக்குது, எதுக்கு இதைத் தூக்கிக்கிட்டு?"ன்னு கேக்காத குழு இல்லை. ராஜா பாட்டுல சசிதரன் வாசிச்ச பேஸை எடுத்துட்டுப் பாடிப் பாருங்க, அப்புறம் பேசலாம் :-)

இந்தப் பதிவு அந்தப் புலம்பல் இல்லை. நான் பண்ணின ஒரு தப்பைப் பத்தினது. ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்தேன்.

எங்க ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்தபடியா இந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீங்கான். பக்கத்துல நெய்வேலி சுரங்கத்துல நிலக்கரிக்கு மேல கிடைக்கிற வெள்ளைக் களிமண், அதோட ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், அப்புறம் 1200 டிகிரிக்கு மேல சூளை. பொம்மையும் ஜாடியும் மட்டும் இல்லை, கரண்ட் கம்பிக்கு இன்சுலேட்டர், வீட்டு மீட்டர் போர்டுல இருக்கிற வெள்ளை ஃப்யூஸ் கேரியர் எல்லாம் இங்கே செய்யறதுதான். எம்.சி.பி. வந்த பிறகு வீடுகள்ல ஃப்யூஸ் கேரியர் குறைஞ்சுடுச்சு, அது வேற கதை. கரண்ட்டைப் பிடிச்சுக் கட்டி வைக்கிற சாமானைச் செய்யற ஊர்ல பொறந்துட்டு, கரண்ட் விஷயத்துல நான் பண்ணின கூத்து இருக்கே...

ஒரு கல்யாண மண்டபத்துல வாசிக்கிறப்போ ஆம்ப்ல உர்ர்ர்னு ஒரு சத்தம். நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸ் கிடார்ல தடிமனான E கம்பி 41 ஹெர்ட்ஸ், அதே கம்பியில மூணாவது கட்டம் பிடிச்சா G, 49 ஹெர்ட்ஸ். அதாவது கரண்ட் உறுமறது ஏறக்குறைய நம்ம G ஸ்வரத்துல. மத்த வாத்தியக்காரனுக்கு அது வெறும் இரைச்சல். நமக்கோ பக்கத்துல ஒருத்தன் லேசா ஸ்ருதி தப்பி விடாம G வாசிக்கிற மாதிரி. சகிக்க முடியாது.

ஆம்புக்கு ஒரு எர்த், மிக்ஸருக்கு ஒரு எர்த், நடுவுல ரெண்டையும் சேர்க்கிற கேபிள். இப்படி வளையம் போட்டுக்கிட்டா இந்த உறுமல் வரும். யாரோ எப்பவோ சொன்னது ஞாபகம் வந்து, கட்டிங் பிளேயர் வாங்கி ப்ளக்குல இருந்த பெரிய பின்னை ஒடிச்சு எடுத்துட்டேன். சத்தம் சுத்தமா நின்னு போச்சு. "சூப்பர்ணே"ன்னாங்க பசங்க. நானும் ஏதோ சாதிச்ச மாதிரி திரிஞ்சேன். அந்த ப்ளக்கோடவே ரெண்டு வருஷம் ஓட்டினேன்.

அப்புறம் ஒரு ஆடி மாசம். கிராமத்துல கூழ் ஊத்தற திருவிழா. சாயங்காலம் தூறல் போட்டு மேடைப் பலகையெல்லாம் ஈரம். அன்னிக்கு மிக்ஸருக்கு என் கேபிள் போகலை, ஆம்ப் முன்னாடி ஒரு மைக்கை வச்சு ஒப்பேத்திட்டோம். அதனால அந்தக் கேபிளோட ஷீல்டு வழியா இருந்துக்கிட்டிருந்த கொஞ்ச நஞ்ச எர்த்தும் போச்சு. இது எனக்கு அப்போ உறைக்கவே இல்லை.

மூணாவது பாட்டு. பாடின பொண்ணு இடையிசையில என் பக்கம் திரும்பி, ஒரு கையில மைக்கோட, சிரிச்சுக்கிட்டே கிடாரோட கம்பி முறுக்கற சாவியைத் தொட்டுச்சு. பளிச்னு ஒரு பொறி. மைக் ஒரு பக்கம் பறந்துச்சு, பொண்ணு பின்னாடி சரிஞ்சு விழுந்துச்சு.

ஒண்ணும் ஆகலை. கை மட்டும் அரை மணி நேரம் நடுங்கிக்கிட்டே இருந்துச்சு. தண்ணி குடிச்சுட்டு, மைக்ல கர்ச்சீப்பைச் சுத்திக்கிட்டு வந்து அடுத்த பாட்டைப் பாடிச்சு. "என்னண்ணே ஆச்சு?"ன்னு கேட்டப்போ, "மழை ஈரம்மா"ன்னு சொன்னேன். பொய்.

மறுநாள் மெக்கானிக் பிரிச்சுப் பார்த்தார். உள்ளே டிரான்ஸ்ஃபார்மருக்குப் போற ஒயர் தகடுல உரசி உரசி ரப்பர் தேய்ஞ்சு, செம்பு எட்டிப் பார்க்குது. ஏன் உரசிச்சு? குட்டியானையில ஆம்பைக் கட்டாம, ஸ்டாண்டுக்கும் டிரம்ஸுக்கும் நடுவுல சும்மா சொருகி ஊர் ஊரா ஆட விட்டதால. ஒடிஞ்ச பின்னும் நானே, ஆடின ஆம்பும் நானே.

எர்த் ஒழுங்கா இருந்திருந்தா, ஒயர் தகட்டைத் தொட்ட உடனே கரண்ட் அது வழியா பாய்ஞ்சு ஃப்யூஸ் போயிருக்கும். பாட்டு நின்னிருக்கும், அவ்வளவுதான். வழி இல்லாததால அது தகடு, கிடார் கேபிள், கம்பி, சாவின்னு வந்து காத்துக்கிட்டு இருந்துச்சு. எர்த்தோட இருந்த மைக்கை ஒரு கையில பிடிச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு இன்னொரு கையால தொட்டதும், அதான் வழியாயிடுச்சு. 1972-ல வேல்ஸ்ல ஸ்வான்ஸீங்கற ஊர்ல லெஸ் ஹார்வின்னு ஒரு கிடார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலயே செத்துப் போனார். நம்ம பொண்ணு பிழைச்சது அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் ஒண்ணுமில்லை.

அதனால என் கருத்து இதுதான். அடுத்தவங்க உயிர்ல கை வைக்கிற உரிமை வாத்தியக்காரனுக்குக் கிடையாது. உறுமல் கேட்டா கேட்டுட்டுப் போகட்டும், எர்த் பின்னைத் தொடாதீங்க. உறுமலை நிறுத்த டி.ஐ. பாக்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதுல 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் இருக்கும். அது சிக்னல் கேபிளோட எர்த்தை மட்டும்தான் பிரிக்கும், கரண்ட் எர்த்தைத் தொடாது. ஒடிச்ச ப்ளக்கைப் போல பல மடங்கு நல்லது.

முழு பின் இருந்தும், கிராமத்து மேடைக்கு வர்ற ஜங்ஷன் பாக்ஸ்ல மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இருக்காது. ரெண்டு ஒயரை இழுத்து வந்து சொருகிட்டுப் போயிடுவாங்க. ஜெனரேட்டருக்கு மண்ணுல கம்பி அடிச்சிருக்கான்னு மைக்செட்டுக்காரர்கிட்ட கேளுங்க. கோவிச்சுக்க மாட்டார், கேக்க ஆள் இல்லையேன்னுதான் அவரும் விட்டுடறார். ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்துல தடிக் கம்பியை முறுக்கி வச்சிருந்தா, எங்க ஊர் மேல சத்தியமா, அங்க வாசிக்காதீங்க. பாடறவங்க வாயை வைக்கிறதுக்கு முன்னாடி மைக்லயும் கிடார் கம்பியிலயும் டெஸ்டரை வச்சுப் பாருங்க. பத்து செகண்ட் வேலை. டெஸ்டர் எரியலைன்னா எல்லாம் சரின்னு அர்த்தமில்லை, எரிஞ்சா கண்டிப்பா தப்பு.

வண்டியில ஏத்தறதுக்கு எங்க ஊர் பொம்மைக்காரங்ககிட்ட ஒரு பாடம் இருக்கு. பீங்கானை வைக்கோல் வச்சு அடைக்கிறப்போ, பெட்டியைக் குலுக்கிப் பார்ப்பாங்க. சத்தம் வந்தா இன்னும் வைக்கோல். கீழே விழுந்து உடையறதைவிட உள்ளே ஆடி உடையறதுதான் அதிகம்னு சொல்வாங்க. ஆம்பும் அதே கதைதான். ஸ்பீக்கர் வலையை வண்டிச் சுவரைப் பார்த்து வச்சு, பழைய போர்வையை அடைச்சு, சக்கரத்தை நம்பாம கயிறு போட்டு இறுக்குங்க. மாசம் ஒரு தடவை திருகாணிகளை முடுக்குங்க. இன்னொரு விஷயம், அந்தப் பெட்டியை அவ்வளவு கனமாக்கற ஸ்பீக்கர் காந்தமும் பெரும்பாலும் ஃபெரைட், அதாவது சூளையில சுட்ட ஒரு வகை பீங்கான்தான். தரையில பொத்துனு வச்சா காந்தம் விரிசல் விடும்.

அந்தப் பொண்ணுக்கு இப்போ கல்யாணம் ஆகி வேற ஊர்ல இருக்கு. போன வாரம்தான் போன் பண்ணி உண்மையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "இப்போ அந்த ப்ளக்கை மாத்திட்டீங்களாண்ணே?"ன்னு கேட்டுச்சு.

மாத்திட்டேன்மா. மறுநாளே மாத்திட்டேன்.

டிஸ்கி: உங்க வீட்டு மிக்ஸி, அயர்ன் பாக்ஸ், கம்ப்யூட்டர் எதுலயாவது பெரிய பின் ஒடிஞ்சிருந்தா, பின்னூட்டம் போடறதுக்கு முன்னாடி எழுந்து போய் அதைக் கழட்டி வச்சுட்டு வாங்க. பதிவு எங்கேயும் ஓடிடாது.