அடிக்கிற கை அணைக்குமா?

எங்கள் பிரதேசத்து வாசகர் வட்டத்தில் அண்மையில் கொரியப் படமொன்று காட்டினார்கள். 2022இல் வெளிவந்த ‘த ரவுண்டப்’. படம் முடிந்ததும் இரண்டு கவிதைத் தொகுதிகள் வெளியிட்ட நண்பரொருவர் எழுந்து, “பொலிஸ்காரன் என்றால் இப்படி இருக்கவேண்டும். ஊழலைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம், இந்த மனுசன் ஒரே குத்தில் முடிக்கிறான்” என்றார். சபை கைதட்டியது. நான் தட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு அன்றிரவு ஒழுங்காகப் பதில் சொல்லவும் முடியவில்லை. கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டிய ஊர்க்காரன் நான். அந்தப் பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வன்முறைப் படம் பார்க்கலாமா கூடாதா என்ற பழைய வழக்கை நான் தூக்கிக்கொண்டு வரவில்லை. கொரியப் படங்களில் இரத்தம் அதிகம் என்று முகம் சுளிப்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாட்டுச் சினிமா தன் பொலிஸையும் தன் வழக்குத் தொடுநர்களையும் திரையில் நிறுத்திக் கேள்வி கேட்டிருக்கும் அளவுக்கு வேறெந்த ஆசிய நாட்டுச் சினிமாவும் கேட்டிருக்குமா என்பது சந்தேகமே. என் சண்டை வேறு. கேள்வி கேட்ட படத்தை விட்டுவிட்டு, கேள்வியை மறக்கச் செய்த படத்துக்குக் கைதட்டுகிறோமே, அதோடுதான்.

‘த ரவுண்டப்’ படவரிசை 2017இல் ‘த அவுட்லோஸ்’ என்ற படத்தோடு தொடங்கியது. மா டொங்-சியோக் என்ற மலைபோன்ற உடம்புக்காரர் மா சியோக்-டோ என்ற துப்பறியும் பொலிஸ்காரனாக வருகிறார். கதை நடப்பது 2004இல், சியோல் நகரின் கரிபொங் பகுதியில். சீனாவிலிருந்து வந்து குடியேறிய கொரிய வம்சாவளியினர் வாழும் இடம் அது. அந்தப் படத்தில் எங்கள் சபையும் நிச்சயமாகச் சிரித்திருக்கக்கூடிய ஒரு காட்சி உண்டு. பிடிபட்டவன் தனக்குச் சட்டத்தரணி வேண்டும் என்று கேட்கிறான். பொலிஸ்காரன் ‘சட்டத்தரணியை’ அழைப்பிக்கிறான். வருவது மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி! இன்னொரு தடவை, தலையில் மோட்டார்சைக்கிள் தலைக்கவசத்தை மாட்டிவிட்டு விசாரணை நடக்கிறது. எல்லாமே நகைச்சுவை. அடிவாங்குகிறவன் கெட்டவன் என்பது நமக்கு ஏற்கனவே தெரியும், ஆகவே சிரிக்கிறோம். இந்தக் கடைசி வசனத்தை வாசகர் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு எப்படித் தெரியும்? இயக்குநர் காட்டிவிட்டார். பொலிஸ் நிலையத்தின் அறைக்குள் இயக்குநர் எவரும் இருப்பதில்லை.

(அந்தப் படம் சிறுபான்மையொன்றின் குடியிருப்பு முழுவதையும் கத்திக்காரர்களின் குகையாகக் காட்டிவிட்டது என்று கொரியாவிலேயே ஆட்சேபம் எழுந்தது. இதைப் பற்றி நம்மவருக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் படம் பார்த்த நம்மவர் எவருக்கும் அது உறைத்ததாகவும் தெரியவில்லை.)

2022இல் இரண்டாவது படத்தைத் திரையரங்குகளில் பார்த்தவர்கள் ஒரு கோடியே இருபது இலட்சத்துக்கும் மேல். ஐந்து கோடி சனங்கள் வாழும் நாட்டில். 2023இலும் 2024இலும் வந்த அடுத்த இரண்டும் தலா ஒரு கோடியைத் தாண்டின. ஆக, நண்பரின் கைதட்டல் தனிக் கைதட்டல் அல்ல.

இப்போது நான் சொல்ல வந்த படத்துக்கு வருகிறேன். 2010 ஒக்டோபரில் வெளிவந்தது. ஆங்கிலத்தில் ‘த அன்ஜஸ்ட்’. கொரியத் தலைப்பு ‘புடாங்கொரே’. நியாயமற்ற கொடுக்கல் வாங்கல் என்று நமது பேச்சில் சொல்லலாம். ர்யூ சுங்-வான் இயக்கியது, பார்க் ஹூன்-ஜொங் எழுதியது. அடுத்த ஆண்டு கொரியாவின் புளூ டிராகன் விருதுகளில் சிறந்த படமாகத் தெரிவானது. பார்த்தவர்கள் முப்பது இலட்சத்தைக்கூட எட்டவில்லை.

சிறுமிகள் தொடர்ந்து கொல்லப்படுகிறார்கள். நாடே கொதிக்கிறது, ஜனாதிபதி தலையிடுகிறார். அந்த நேரம் பார்த்துப் பிரதான சந்தேகநபரைப் பொலிஸார் சுட்டுக் கொன்றுவிடுகிறார்கள். இனிக் குற்றவாளிக்கு எங்கே போவது? மேலிடம் ஒரு வழி காண்கிறது: ஒரு ‘நடிகனை’ப் பிடித்துக் குற்றவாளி வேடம் போடவைப்பது. படத்தில் பொலிஸாரே பாவிக்கும் சொல் அது. அந்த வேலை சோய் சொல்-கி என்பவனிடம் ஒப்படைக்கப்படுகிறது. ஹ்வாங் ஜொங்-மின் நடித்திருக்கிறார். சோய் கெட்டிக்காரன், ஆனால் பொலிஸ் பல்கலைக்கழகத்தில் படித்து வந்தவனல்ல, ஆகவே பதவியுயர்வுப் பட்டியலில் அவன் பெயர் ஒவ்வொரு முறையும் விடுபட்டுப்போகிறது. இம்முறை பதவி தருகிறோம், காரியத்தை முடி என்கிறார்கள். அவன் சண்டியனாயிருந்து கட்டட ஒப்பந்தகாரனாகிவிட்ட ஒருவனிடம் போகிறான். பழைய குற்றப் பதிவுள்ள, கேட்க நாதியற்ற ஏழையொருவன் தேர்ந்தெடுக்கப்படுகிறான்.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது சாதாரண ஊழல் படம். நிற்கவில்லை. போட்டி ஒப்பந்தகாரன் ஒருவன் இருக்கிறான், அவனுடைய விருந்தையும் பரிசையும் அனுபவிக்கிற வழக்குத் தொடுநர் ஒருவன் இருக்கிறான். ர்யூ சுங்-பொம் அந்த இளம் வழக்குத் தொடுநராக வந்து, கையை ஓங்காமலே பயங்காட்டுகிறார். பொலிஸ்காரனின் குட்டு அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அவனுடைய குட்டு பொலிஸ்காரனுக்கும் தெரியும். அதன்பிறகு படம் முழுவதும் கொடுக்கல் வாங்கல்தான். ஒரு கட்டத்தில் அத்தனை வீரமுள்ள சோய் அந்தப் படித்த பையனின் காலடியில் மண்டியிடுகிறான்.

கொரியாவில் அந்நாளில் பொலிஸாரின் புலனாய்வை நெறிப்படுத்தும் அதிகாரம் வழக்குத் தொடுநர் கையில் இருந்தது என்பதை அறியாதவருக்கு அந்த மண்டியிடல் மிகைநடிப்பாகப் படும். அந்த ஏற்பாடு சட்டத்தால் மாற்றப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2021 ஜனவரியில்தான். படம் வந்த அதே 2010இல், ஏப்ரல் மாதம், கட்டட ஒப்பந்தகாரர் ஒருவர் பல்லாண்டுகளாக வழக்குத் தொடுநர்களுக்கு விருந்தும் பணமும் கொடுத்துவந்த கதையை எம்.பி.சி. தொலைக்காட்சி வெளிக்கொணர்ந்து பெரும் அமளியானது. இயக்குநர் கற்பனைக்காக வெகுதூரம் நடக்கவேண்டியிருக்கவில்லை.

நண்பர் சொல்வார்: “அதுதானே! அப்படிப்பட்ட ஊழல்காரனுக்கு மருந்துதான் மா சியோக்-டோ போன்ற குத்துக்காரன்.” இங்கேதான் நான் வேறுபடுகிறேன். இவர்கள் இருவரும் எதிரெதிர் மனிதர்களல்லர். ஒரே மனிதனின் இரண்டு வயதுகள்.

யோசித்துப் பாருங்கள். குத்துக்காரன் என்ன சொல்கிறான்? இவன்தான் குற்றவாளி என்று எனக்குத் தெரியும், சட்டத்தின் படிகள் எனக்குத் தடை, ஆகவே தாண்டுகிறேன் என்கிறான். சோய் சொல்-கி என்ன சொல்கிறான்? யாரோ ஒருவன் குற்றவாளியாக வேண்டும், சட்டத்தின் படிகள் எனக்குத் தடை, ஆகவே தாண்டுகிறேன். முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பழகியவனுக்கு இரண்டாவதைச் சொல்ல நாக்குப் புரளாதா? தாண்டிய கால் ஒன்றுதான். முதலில் நல்லெண்ணத்தோடு தாண்டுகிறான், பிறகு பதவிக்காகத் தாண்டுகிறான்.

இதில் வேடிக்கையொன்று உண்டு. ‘த அன்ஜஸ்ட்’ படத்திலும் மா டொங்-சியோக் இருக்கிறார். சோயின் கீழ் வேலைசெய்யும் விசுவாசமான பொலிஸ்காரன் தே-ஹோவாக. அதே உடம்பு, அதே முஷ்டி. ஆனால் அந்த முஷ்டியால் அங்கே எதையும் தீர்க்க முடியவில்லை. தலைவன் செய்ததை அறிந்துகொள்கிறான், கைகலப்பில் தலைவனின் துப்பாக்கிக்கே பலியாகிறான். அந்தச் சாவையும் தலைவன் பொய்யால் மூடிவிடுகிறான். ஏழு வருடம் கழித்து அதே நடிகர் எழுந்து வந்து எல்லாரையும் குத்தி வீழ்த்துகிறார். ஒரு கோடிப் பேர் எதைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது தெளிவு. இயக்குநரையும் நான் விடப்போவதில்லை. ர்யூ சுங்-வான் 2015இல் எடுத்த ‘வெட்டரன்’ படத்தில் நேர்மையான பொலிஸ்காரன் பெரும் பணக்காரனின் மகனை நடுத்தெருவில் மடக்குகிறான். பொலிஸ்காரனாக நடித்தவர் அதே ஹ்வாங் ஜொங்-மின். ஒரு கோடியே முப்பது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். நல்ல படம்தான், நானும் இரசித்தேன். ஆனால் 2010இல் கேட்ட கேள்விக்கு அது பதிலல்ல, ஆறுதல்.

‘த அன்ஜஸ்ட்’ படத்தின் முடிவைச் சொல்லாமல் என் வாதத்தை நிறுவ முடியாது. பார்க்காதவர்கள் மன்னிக்கவேண்டும். ‘நடிகனாக’ப் பிடிக்கப்பட்ட அந்த ஏழை தடுப்புக்காவலிலேயே சாகிறான். தற்கொலை என்று ஆக்கப்படுகிறது. சோய் பதவியுயர்வு பெறுகிறான், நெடுநாள் அனுபவிக்க வாய்க்கவில்லை. வழக்குத் தொடுநருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாமனார் பார்த்துக்கொள்கிறார். எல்லாம் முடிந்தபின் மரபணுப் பரிசோதனை முடிவு வருகிறது. அந்த ஏழைதான் உண்மையான கொலைகாரன்!

இந்த முடிவைக் கண்டு, “பார்த்தீர்களா, பொலிஸார் கடைசியில் சரியான ஆளைத்தானே பிடித்திருக்கிறார்கள்” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். ஆசிரியராக இருப்பவர் வேறு. கணக்குப் பாடத்தில் வழியைப் பிழையாகச் செய்து விடையை மட்டும் சரியாக எழுதிய பிள்ளைக்கு அவர் எத்தனை புள்ளி போடுவார்? அந்தப் பொலிஸாருக்கு அவன் கொலைகாரன் என்று தெரியாது. நிரபராதி என்று நினைத்துக்கொண்டே அவனைப் பலி கொடுத்தார்கள். உண்மை அவர்கள் கைக்குள்ளேயே இருந்தது, அவர்கள் பொய்யைச் செய்துகொண்டிருந்தார்கள். இதைவிடக் கடுமையாகப் பொலிஸ் ஊழலைச் சொன்ன முடிவொன்றை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை.

இதில் எனக்குச் சொந்தக் கணக்கும் ஒன்றுண்டு. பயிற்சிக் கலாசாலையிலிருந்து வந்த புதிதில் வகுப்பில் ஒரு பிள்ளையின் காசு காணாமற்போனது. ஒரு பொடியனைச் சந்தேகித்து அடித்தேன். ஒத்துக்கொண்டான், காசும் அவன் பையிலேயே கிடைத்தது. அன்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மறுவருடம் வேறொரு பொருள் தொலைந்தது, வேறொரு பொடியன். அவனும் நாலாவது அடியில் ஒத்துக்கொண்டான். அந்தப் பொருள் இரண்டு நாள் கழித்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து வந்தது. இரண்டாவது பொடியனை அடித்த பிரம்பை எனக்குக் கையில் தந்தது, முதலாவது பொடியன் விடயத்தில் நான் சரியாக இருந்ததுதான். அந்த இரண்டாமவன் இப்போது எங்கேயோ நல்லாயிருக்கிறான். என்னைக் கண்டால் சலாம் சொல்வான். அதைத் தாங்குவது இலேசல்ல.

பிரம்புக்கே இந்தக் கதை. பொலிஸ் நிலையத்தில் என்ன நடக்கும்? 1986 முதல் 1991 வரை கொரியாவின் ஹ்வாசொங் பகுதியில் பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். பொங் ஜூன்-ஹோ 2003இல் எடுத்த ‘மெமரீஸ் ஒப் மேர்டர்’ அதைப் பற்றியது. அந்தக் கொலைகளில் எட்டாவதில் பலியானவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. அதற்காக 1989இல் ஓர் இளைஞர் பிடிக்கப்பட்டார். போலியோவால் கால் ஊனமுற்றவர், பள்ளிக்கூடத்தை அதிகம் கண்டிராதவர். உறங்கவிடாமல் விசாரித்தார்கள், ஒத்துக்கொண்டார். அவரைப் பிடித்ததற்காகப் பொலிஸார் சிலருக்குப் பதவியுயர்வு கிடைத்தது. சோய் சொல்-கிக்கு வாக்களித்த அதே பதவியுயர்வு. ஏறத்தாழ இருபது வருடம் உள்ளே இருந்துவிட்டு 2009இல் வெளியே வந்தார். உண்மையான கொலைகாரன் 2019இல் ஒத்துக்கொண்டான். 2020 டிசம்பரில் மறுவிசாரணை நீதிமன்றம் அவரை நிரபராதி என்று விடுவித்தது. அந்தப் பொலிஸாரும் தங்கள் மனதில் மா சியோக்-டோக்கள்தாம். கெட்டவனைப் பிடித்துவிட்டோம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

அது சர்வாதிகாரக் காலத்துப் பழக்கம், அதன்பின் மாறிவிட்டது என்று சொல்வோருக்கு 2010 ஜூன் மாதத்தை ஞாபகப்படுத்துகிறேன். சியோலின் யங்சொன் பொலிஸ் நிலையத்தில் துப்பறிவாளர்கள் சந்தேகநபர்களைச் சித்திரவதை செய்ததாகக் கொரிய மனித உரிமை ஆணைக்குழு அறிவித்தது. கைகளைப் பின்னால் முறுக்கி உயர்த்தும் முறைக்கு ‘இறக்கை ஒடித்தல்’ என்று பெயர். எத்தனை பேரைப் பிடித்தாய் என்று நிலையத்துக்கு நிலையம் புள்ளி போடும் முறையே இதற்குக் காரணமென்று, அதே மாதம் சியோலின் இன்னொரு பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரியே பத்திரிகையாளர்களைக் கூட்டிச் சொன்னார். புள்ளி, பிரிவு, பதவியுயர்வு. அவர் சொன்னது நான்கு மாதம் கழித்து வெளிவந்த ‘த அன்ஜஸ்ட்’ படத்தின் கதைச்சுருக்கம்போல இருக்கிறது.

“வெறும் பொழுதுபோக்குச் சேர், இதை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறீர்கள்” என்று வட்டத்தின் இளம் உறுப்பினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். தம்பி, நானும் சிரித்திருக்கிறேன். சட்டத்தரணி பகிடிக்கு என் வாயும் திறந்தது. திறந்தபிறகுதான் பயம் வந்தது. சட்டத்தரணியைக் கேட்பதே ஒரு கேலி என்று ஒரு கோடிப் பேர் சேர்ந்து சிரித்துப் பழகிய நாட்டில், நாளை அதே கேள்வியை உண்மையாகக் கேட்கப்போகிறவர் யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அவர் கெட்டவர் என்று முன்கூட்டியே காட்டித்தர அங்கே கமரா இராது.

வட்டத்தின் அடுத்த கூட்டத்தில் ‘த அன்ஜஸ்ட்’ படத்தைப் போடுமாறு கேட்டிருக்கிறேன். உபதலைப்பு ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதால் கதைச்சுருக்கத்தைத் தமிழில் எழுதி ரோணியோ பண்ணிக் கொண்டுவருவதாகவும் சொன்னேன். கவிஞர் நண்பர் யோசிக்கிறார். இரண்டு மணித்தியாலப் படமாம், சிரிக்க இடமே இல்லையாம்.