ரேடியோவா, எக்ஸ்ரேயா? ஆளை மாற்றும் பல்சார்கள்: பெங்களூரு கணித்ததும் புனே பிடித்ததும்

அந்தமானின் பாராடாங் தீவுக்கு டூர் போனவர்கள் அங்குள்ள சேற்று எரிமலையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான நாட்களில் சாம்பல் நிறச் சேறு குமிழி விடும், அவ்வளவுதான். 'இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?' என்றுகூடத் தோன்றும். ஆனால் 2025 அக்டோபரில், சுமார் 20 ஆண்டுகளுக்குப் பிறகு, அது பெருஞ்சத்தத்துடன் வெடித்தது. அடியில் சேரும் வாயு மேலே தள்ளுகிறது, சேறு கீழே அமுக்குகிறது. எந்தப் பக்கம் கை ஓங்குகிறதோ, அதைப் பொறுத்துத்தான் அமைதியும் வெடிப்பும்.

வானத்திலும் இப்படி ஒரு இழுபறி நடக்கிறது.

பல்சார் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன். சூரியனைவிட அதிக நிறை, ஆனால் குறுக்களவு சுமார் 20 கிலோமீட்டர்தான், அதாவது ஒரு நகரத்தின் அளவு. பக்கத்தில் துணை விண்மீன் இருந்தால் அதிலிருந்து வாயுவை உறிஞ்சும். அந்த வாயு வட்டாகச் சுழன்று சூடேறி எக்ஸ்ரே கதிர்களை வீசும். மறுபக்கம், பல்சாரிலிருந்து கிளம்பும் துகள் காற்று அதே வாயுவை வெளியே தள்ளப் பார்க்கும். காற்று ஜெயித்தால் வட்டு காணாமல் போய், ரேடியோ துடிப்பு கேட்கத் தொடங்கும். வாயு ஜெயித்தால் ரேடியோ அடங்கி, எக்ஸ்ரே ஏறும்.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. 1982இல் நொடிக்கு 642 முறை சுழலும் பல்சார் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. வயதாக ஆக பல்சாரின் வேகம் குறையத்தானே வேண்டும், இது மட்டும் எப்படி? அதே ஆண்டு பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த வி. ராதாகிருஷ்ணனும் ஜி. சீனிவாசனும் ஒரு விளக்கம் சொன்னார்கள். வயதான பல்சார்மீது துணை விண்மீனின் வாயு விழும்போது, ஓய்ந்த ராட்டினத்தை ஓரத்தில் நின்று தள்ளிவிடுவதுபோல அதன் சுழற்சி மறுபடி ஏறுகிறது என்றார்கள். வெளிநாட்டுக் குழு ஒன்றும் தனியாக இதே முடிவுக்கு வந்தது. ராதாகிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர், சி.வி. ராமனின் மகன். அந்த அடையாளத்தைத் தாண்டி இந்த வேலைக்காகவே அவரை நாம் அதிகம் பேசியிருக்கவேண்டும்.

யோசனை சரி, ஆதாரம்? அதற்குப் பல ஆண்டுகள் ஆயின. நொடிக்கு 592 முறை சுழலும் J1023+0038 என்ற பல்சாரின் ரேடியோ துடிப்பு 2007இல் சிக்கியது. அதே இடத்தில் 2001இல் வாயு வட்டு இருந்ததைப் பழைய பதிவுகள் காட்டின. 2013 மார்ச்சில் M28 விண்மீன் கொத்தில் எக்ஸ்ரேயில் வெடித்த ஒரு பொருள், 2006இல் ரேடியோ பல்சாராகப் பார்த்த அதே ஆள்தான் என்று தெரிந்தது. சில வாரங்களிலேயே அது ரேடியோவுக்குத் திரும்பியும்விட்டது. ஒரே விண்மீன், இரண்டு வேஷம்.

மூன்றாவது நம் கணக்கில். XSS J12270-4859 என்ற எக்ஸ்ரே மூலம் 2012 கடைசியில் சட்டென்று மங்கியது. வட்டு போய்விட்டது என்றால் ரேடியோ துடிப்பு வரவேண்டுமே? புனே அருகே இருக்கும் 30 டிஷ்கள் கொண்ட ஜிஎம்ஆர்டி தொலைநோக்கியால் ஜயந்த ராய், பாஸ்வதி பட்டாச்சார்யா உள்ளிட்டோர் தேடினார்கள். 1.69 மில்லிநொடிக்கு ஒருமுறை துடிக்கும் பல்சார் கிடைத்தது. தேடுவது சுலபமில்லை. 6.9 மணி நேரச் சுற்றில் கணிசமான நேரம் துணையின் வாயு குறுக்கே வந்து சிக்னலை மறைத்துவிடும்.

அப்போ இது ஒரு சுவிட்ச் மாதிரி, ஆன்-ஆஃப் அவ்வளவுதானா? பல கட்டுரைகள் அப்படித்தான் எழுதுகின்றன. எக்ஸ்ரே தரவுகள் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

J1023 பல்சார் 2013 ஜூனில் வட்டு நிலைக்கு மாறியது. ஆனால் அதன் எக்ஸ்ரே, M28 வெடிப்போடு ஒப்பிட்டால் பல நூறு மடங்கு மங்கல். அதிலும் பெரும்பாலான நேரம் ஒரு அளவில் இருக்கும் வெளிச்சம், பத்து நொடிக்குள் பல மடங்கு விழும், பிறகு திரும்ப ஏறும். எக்ஸ்ரே துடிப்பு உயர் அளவில் மட்டுமே தெரிகிறது. 2017இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் துடிப்பு கண்டுபிடிக்கப்பட்டபோது குழப்பம் கூடியது. வெறும் வாயு விழுவதால் அவ்வளவு ஒளி வருவது கஷ்டம். 2025இல் நாசாவின் ஐஎக்ஸ்பிஇ செயற்கைக்கோள் அளந்ததில், எக்ஸ்ரேயின் முனைவாக்கக் கோணமும் ஒளியின் கோணமும் ஒத்துப்போயின. இரண்டுக்கும் மூலம் ஒன்றே: பல்சார் காற்று வட்டின் மேல் மோதும் இடம். அதாவது வட்டு வந்த பிறகும் பல்சார் அணையவில்லை, உள்ளே மோதிக்கொண்டே இருக்கிறது.

இந்த மோதலில் யார் எப்போது தோற்பார்கள் என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. பத்தாண்டு தாண்டியும் J1023 வட்டோடுதான் இருக்கிறது. அது திரும்பும் வாரத்தில் எக்ஸ்ரேயிலும் ரேடியோவிலும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் வட்டு எப்படி உடைகிறது என்று தெரியும். ரேடியோவுக்கு ஜிஎம்ஆர்டி இருக்கிறது. எக்ஸ்ரேக்கு நம்மிடம் இருக்கும் ஆஸ்ட்ரோசாட், 5 ஆண்டு வேலைக்கென்று 2015 செப்டம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. அதன் இடத்துக்கு அடுத்தது எது என்பதை இப்போதே முடிவு செய்தாகவேண்டும். ஒரு விண்வெளித் தொலைநோக்கியைக் கட்டி அனுப்பவே பத்தாண்டுக்கு மேல் ஆகிறது.