உட்கார வைப்பது உபசாரம் அல்ல



எனக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்து நான்கு வருடம் ஆகிறது. ராஜபாளையத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் "சாருக்கு சேர் போடுங்கப்பா" என்று நாலு பேர் ஓடி வருகிறீர்கள். எழுந்தால் இரண்டு பேர் அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறீர்கள். அன்பு புரிகிறது. ஆனால் வகுப்பில் சொன்ன மாதிரியே கண்டிப்பாகச் சொல்கிறேன்: இந்த அன்புதான் எங்களைச் சீக்கிரம் படுக்கையில் தள்ளும்.

1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதி வைத்த நோய் இது. மூளையில் டோபமைன் சுரக்கும் செல்கள் குறைந்துபோகின்றன. கை வீசி நடப்பது, திரும்புவது, தடுமாறினால் சமாளிப்பது என்று உடம்பு தானாகச் செய்த வேலைகளை இனி நினைத்து நினைத்துச் செய்ய வேண்டும். மாத்திரை அவசியம், டாக்டரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது. ஆனால் பேலன்ஸை மாத்திரை மட்டும் மீட்டுத் தராது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

"வயசான காலத்தில் பயிற்சி செய்யப் போய் விழுந்துட்டா?" என்கிறீர்கள். விழாமல் இருக்கத்தானே பயிற்சி! 2012-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 195 நோயாளிகள், வாரம் இரண்டு நாள், 24 வாரம் பயிற்சி செய்தார்கள். உடம்பின் பாரத்தை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு நிதானமாக மாற்றும் 'தாய் சி' என்ற சீனப் பயிற்சி செய்தவர்கள், வெறுமனே கைகால் நீட்டி மடக்கியவர்களைவிட உறுதியாக நின்றார்கள், குறைவாக விழுந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்தா இது வரும்?

வாசல்படியில் எங்கள் கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றுவிடும். அப்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இழுத்தால்தான் விழுவோம். ஒரு நிமிடம் நிற்க விடுங்கள். பிறகு டிரில் வாத்தியார் மாதிரி "லெஃப்ட், ரைட்" என்று குரல் கொடுங்கள். தரையில் டைல்ஸ் கோடு இருந்தால் அதைத் தாண்டச் சொல்லுங்கள். தாளமும் கோடும் கிடைத்தால் கால் நகரும்.

திரும்பும்போதும் அவசரப்படுத்தாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் ரதவீதி மூலையில் ஒரே இழுப்பிலா திரும்புகிறது? கொஞ்சம் கொஞ்சமாகத்தானே? நாங்களும் அப்படித்தான், வட்டமடித்துத் திரும்ப வேண்டும்.

பணம் இல்லை என்றும் சொல்ல வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் ஒரு வார்த்தை கேட்காமல், சக்கர நாற்காலி விலையை விசாரிப்பது என்ன நியாயம்?

உங்கள் வீட்டில் அப்பாவோ, மாமாவோ, அத்தையோ இந்த நோயோடு இருந்தால், மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் பார்த்துத் தினமும் நடக்க வையுங்கள். கூடவே நடங்கள். பிடிக்காதீர்கள், கைக்கெட்டும் தூரத்தில் இருங்கள்.

என்னைப் பார்க்க வருகிறவர்கள் பால்கோவா வாங்கி வர வேண்டாம். சாயங்காலம் வாருங்கள், தெருமுனை வரை சேர்ந்து நடப்போம்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்