கொள்ளுக்கு மார்க் போடுகிறவர்கள்

பையூர் 2 என்று ஒரு கொள்ளு ரகம் இருக்கிறது. பழைய கோ 1 விதையைக் காமா கதிரில் வைத்து மாற்றி எடுத்தது. எடுத்தது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பையூர் ஆராய்ச்சி நிலையம். பையூர் இன்றைக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். 1965 வரை சேலம் ஜில்லா. ராசிபுரம், சேந்தமங்கலம், ஓமலூர் பக்கம் புரட்டாசி, ஐப்பசியில் கடைசி மழையை நம்பி விதைக்கிற செம்மண் காட்டுக்குத் தோதான பயிர் கொள்ளு. விதையோடு நமக்குச் சண்டை இல்லை. வறட்சி தாங்குகிற விதை வேண்டாம் என்று சொல்ல நாம் பைத்தியமா என்ன!

சண்டை மார்க் ஷீட்டோடு. ஒரு ரகம் தேறியதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பூக்கிற நாள், முற்றுகிற நாள், செடிக்கு எத்தனை காய், காய்க்கு எத்தனை விதை, நூறு விதை எடை, எக்டருக்கு எத்தனை கிலோ. பிறகு சோதனைக்கூடத்தில் புரதம், இரும்பு. எல்லாம் வேண்டியதுதான். ஆனால் இது காடு வைத்திருக்கிறவன் கண்ணால் பார்த்து எழுதிய பட்டியல். குனிந்து பிடுங்கி, களத்தில் அடித்துத் தூற்றி, அதையே படிக்கணக்கில் கூலியாக வாங்கிப்போய்ச் சட்டியில் வேகவைத்த அருந்ததியப் பெண்ணுக்கு அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

பாசிப்பயறைப் பாருங்கள். 2013இல் வந்த கோ 8 ரகத்தில் காய் எல்லாம் ஒரே சமயத்தில் முற்றும். ஒரே அறுவடை, மெஷினும் விடலாம். அது நல்ல குணம் என்று மார்க் விழுகிறது. பழைய பயறு அப்படி முற்றாது. இரண்டு மூன்று தடவை காய் பறிக்க வேண்டும். காட்டுக்காரனுக்கு அது கூலிச் செலவு. பறிக்கப் போகிற சேரிப் பெண்களுக்கு அது மூன்று தடவை அடுப்பு எரிகிற சமாச்சாரம். இடுப்பொடிகிற வேலையை நாம் கொண்டாடவில்லை. மெஷின் தாராளமாக வரட்டும். போகிற கூலிக்கு ஈடு என்ன என்று கேட்க அந்தத் தாளில் இடம் வேண்டும், அவ்வளவுதான்.

சத்துக் கணக்குக்கு வருவோம். நூறு கிராம் கொள்ளில் சுமார் 22 கிராம் புரதம். இரும்பும் நிறைய. ஆனால் அதிலுள்ள பைட்டேட்டும் டானினும் இரும்பை உடம்பில் ஒட்டவிடாமல் இழுத்துப் பிடிக்கும். ஊறவைத்து, முளைகட்டி, நன்றாக வேகவைத்தால் அந்தப் பிடி தளரும். அதற்கு நேரம் வேண்டும், விறகு வேண்டும். கொள்ளோ லேசில் வேகாத தானியம். விடியக் கருக்கலில் கோழிப்பண்ணைக்கு ஓடுகிறவளிடம் முளைகட்டச் சொல்வது யார்? நாமக்கல்லில் கோழித் தீனிக்கு எத்தனை சதவீதம் புரதம் என்று துல்லியமாகக் கணக்குப் போடுகிறார்கள். பண்ணையில் எரு வாருகிறவளின் தட்டுக்கு யார் கணக்குப் போட்டது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 2007இல் ரேஷனில் துவரையும் உளுந்தும் வந்தன. கொள்ளு வரவில்லை. பருப்பிலும் மேல்சாதி கீழ்சாதி! கொழுத்தவனுக்குக் கொள்ளு என்று பழமொழி வேறு. இளைத்துக் கிடந்த நம்ம சனம்தானே அதைத் தின்றது?

கூலித் தானியம் என்றால் என்ன என்று அறிய மத்தியப் பிரதேசத்தின் ரீவா பக்கம் பார்க்கலாம். அங்கே கொத்தடிமைகளுக்குக் கேசரிப் பருப்பைக் கூலியாக அளந்து போட்டார்கள். மாதக்கணக்கில் அதையே தின்று கால் முடங்கிப்போனவர்கள் ஏராளம். 1961இல் விற்பனைக்குத் தடை வந்தது. பிறகு விஷம் குறைந்த ரகங்களும் வந்தன. ஆராய்ச்சி விஷத்தை அளந்தது. அந்தப் பருப்பை அளந்து போட்ட மரக்காலை அளக்கவில்லை.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தையும் புரட்டிப் பாருங்கள். தானே உழுகிறவர் விவசாயி. அடுத்தவரை வைத்து நேரடியாக மேற்பார்வை செய்கிறவரும் விவசாயி. பாரம்பரிய ரகத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறவரும் விவசாயி. அந்த மேற்பார்வையில் வேலை செய்கிறவருக்குப் பெயரே இல்லை! வரப்பில் குடை பிடித்து நிற்பவன் விவசாயி. சேற்றில் நிற்பவள் 'ஆள்'. மூன்றாவது வாசல் வழியாக உள்ளே போகலாம் என்று வக்கீல்கள் சொல்லலாம். விதையைக் காப்பாற்ற ஒரு முழம் நிலமாவது வேண்டாமா? பஞ்சமி நிலம் கைமாறிப் போன கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வேளாண் கல்லூரிகளில் படிக்கிற நம் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. ரக மதிப்பீட்டில் வேகும் நேரத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஏக்கருக்கு எத்தனை ஆள்நாள் கூலி கூடுகிறது, குறைகிறது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் ஒவ்வொரு ரகத்திலும் ஒரு படி வாங்கிவந்து, சேரியில் ஒரே அளவு விறகில் ஏற்றி, கடிகாரத்தைப் பார்த்து நீங்களே எழுதுங்கள். முடிவை இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்கள்.