காத்து பார்த்துக் கட்டின சேரி

ஊருக்கு எந்தப் பக்கம் சேரி? அங்கிருந்து வீசுற காத்து ஊர்மேல படாத பக்கம். இது பழைய கணக்கு. 2016லயும் அதே கணக்கைத்தான் போட்டார்கள்.

டெல்லிக்காரர்களுக்கு மூச்சுத் திணறியது. பத்து வருஷத்துக்கு மேலான டீசல் வண்டி அங்கே ஓடக்கூடாது என்று 2015 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. சரி, அந்த வண்டி எங்கே போவது? அடுத்த வருஷம் வழி சொன்னார்கள்: பதினைந்து வயசு ஆகாததைத் தடையில்லாச் சான்று கொடுத்து, வண்டி குறைவான, காற்று நன்றாகக் கலைகிற இடங்களுக்கு அனுப்பலாம். வண்டி கம்மியான ஊர்ல நுரையீரலும் கம்மியா?

டீசல் புகை புற்றுநோய் தரும் என்று 2012லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை சொல்லிவிட்டது. பீடிப்புகை இருக்கிற அதே முதல் பட்டியலில் வைத்தது. பீடியையாவது நாமளா பத்த வைக்கிறோம். ஆர்.கே.பேட்டையிலிருந்து ஆந்திர எல்லைக்குப் போற ரோட்டோரம் பிள்ளைக்குச் சோறு ஊட்டுறவளை யார் கேட்டது?

2020 ஏப்ரலிலிருந்து விற்கிற புது லாரிக்குப் புகை வடிகட்டி உண்டு. பழசுக்குக் கிடையாது. அதுக்குப் புகைச் சான்று எப்படித் தெரியுமா? நின்ன வண்டியில, லோடு இல்லாம, ஆக்சிலேட்டரை மிதிச்சுக் கருப்பை மட்டும் அளப்பான். நெஞ்சுக்குள்ள இறங்குற நுண்துகளை அளக்கறதேயில்லை.

டிரைவரைத் திட்டாதீங்க. அவனும் கிளீனரும் நம்ம பசங்க, நாள் முழுக்க அந்தப் புகைக்குள்ளயே கிடக்கிறவங்க. பழைய லாரியைக் கழிக்கிற காசை, வட்டிக்கு வாங்கி ஒத்தை லாரி ஓட்டுறவன் தலையில் கட்டாதே. லாரி செஞ்சு வித்த கம்பெனியும் அரசாங்கமும் கொடுக்கட்டும். அளக்கிற கருவியைச் சேரியோரம், லோடு வண்டி மேடு ஏறுற இடத்துல கொண்டுவந்து வை.