வெள்ளத்திற்கும் ஒரு வழி வேண்டும்

கார்த்திகை மாதத்து அடைமழையில் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகள் ஓடைகளாவதும், முற்றத்து வெள்ளம் திண்ணையைத் தாண்டி உள்ளே புகுவதும் நாம் கண்ட காட்சிகளே. 2008 ஆம் ஆண்டு நவம்பரில் ‘நிஷா’ புயலோடு வந்த பெருமழையைப் பெரியவர்கள் மறந்திரார். அவ்வேளைகளில் நாம் வானத்தை நொந்துகொள்கிறோம். குற்றம் முழுவதும் வானத்தினுடையதுதானா?

நமது குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. தெல்லிப்பளைப் பக்கமிருந்து அராலிக் கடல்நீரேரியை நாடும் வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடுவது. இதை அறிந்த நம் முன்னோர் தாழ்ந்த நிலங்களிலே குளங்களைத் தோண்டி, வெள்ள வாய்க்கால்களையும் பேணி வந்தனர். குளத்தில் தங்கிய நீர் சுண்ணக்கற் பாறையூடு இறங்கிக் கிணறுகளில் நன்னீராயிற்று. எஞ்சியதே கடலைச் சேர்ந்தது.

இன்று நடப்பதென்ன? வேலியூடு வழிந்தோடிய வெள்ளத்தை மதில் மறிக்கிறது. மண்முற்றம் சீமெந்துத் தரையாயிற்று. தாழ்ந்த வயல்களும் குளக்கரைகளும் வீட்டு வளவுகளாயின. மதகின் வாயைப் பொலித்தீன் பைகள் அடைக்கின்றன. 1000 சதுர அடிக் கூரையொன்றில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், அதிலிருந்து வடியும் நீர் மட்டும் ஏறக்குறைய 9,000 லீற்றர். ஊரிலுள்ள கூரைகள் அனைத்துக்கும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும்! வெள்ளம் வீட்டுக்குள் வந்ததென்கிறோம். வெள்ளத்தின் வழியிலே நாம் வீடு கட்டினோமென்பதே பலவிடங்களில் உண்மை.

கானை அகலமாக வெட்டி எல்லாவற்றையும் கடலுக்கு அனுப்பிவிட்டாற் போதுமென்பாரும் உளர். மாரியில் நாம் விரட்டிய நீரையே கோடையில் கிணற்றடியில் தேடுகிறோம். நிலத்தடி நன்னீர் குறைந்தால் உவர்நீர் மேலேறும். ஆதலால், நீர் தங்க இடமும், நிலத்துள் இறங்க இடமும், மிகுந்தது ஓட வழியும் ஆகிய மூன்றும் வேண்டும்.

ஐப்பசிக்கு முன்பே வாசற் கானைத் துப்புரவாக்குவோம். மதிலின் அடியிலே நீர் செல்லத் துவாரம் விடுவோம். முற்றத்தில் ஒரு பகுதியையாவது மண்ணாகவே வைத்திருப்போம். கூரைநீரைத் தொட்டியிற் சேர்ப்போம்; அல்லது மலகூடக் குழிக்குத் தூரத்தே வெட்டிய குழியில் இறங்கவிடுவோம். வீதி வெள்ளத்தைக் கிணற்றுக்குள் விடுதல் ஆகாது. வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல் அழுக்கை வடிகட்டாது.

இவற்றை அயலவரோடு கலந்து செய்தல் நன்று. நம் வளவை மட்டும் மண்ணிட்டு உயர்த்தினால் வெள்ளம் மறைந்துவிடாது. அடுத்த வீட்டுக் குழந்தை உறங்கும் பாயை நனைக்கும்.